மெர்மின்–வாக்னர் தேற்றம் அப்படிச் சொல்லவில்லை

"இரு பரிமாணத்தில் காந்த ஒழுங்கே வராது, 1966-லேயே நிரூபித்தாயிற்று, மின்தடையில் தெரியும் கூர்முனை இணைப்புக் கோளாறு" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. அவர் சொல்லும் மெர்மின்–வாக்னர் தேற்றம், தற்சுழற்சி (spin, எலக்ட்ரானைச் சிறு காந்தமாக்கும் பண்பு) எந்தத் திசைக்கும் தடையின்றித் திரும்பக்கூடிய அமைப்புகளுக்குத்தான். மேல், கீழ் என இரண்டே நிலையுள்ள ஐசிங் காந்தத்தை அது தொடுவதே இல்லை. இரு பரிமாணத்திலும் அதில் நிலைமாற்றம் (தற்சுழற்சிகள் தாறுமாறாக இருப்பதிலிருந்து ஒரே திசையில் அணிவகுக்கும் காந்த ஒழுங்குக்கு மாறுவது) உண்டு என்று அறிவியலாளர் லார்ஸ் ஆன்சாகர் 1944-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

அவர் சொல்லும் கூர்முனையை, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலுமினியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியின் மெல்லிய படலத்தில் அளந்து 2000-இல் வெளியிட்டார்கள்; அங்கே உருவாவது இந்த ஐசிங் வகைக் காந்தம்தான். எதிரெதிர் தற்சுழற்சியுள்ள இரு லாண்டாவ் மட்டங்கள் (காந்தப் புலத்தில் எலக்ட்ரான்களுக்குக் கிடைக்கும் ஆற்றல் படிகள்) ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் காந்தத் திட்டுகள் உருவாகின்றன. அவற்றின் எல்லைச் சுவர்களில் எலக்ட்ரான்கள் சிதறுவதால் தடை எகிறுகிறது. அப்புறம், காந்தப் புலத்தை ஏற்றும்போது வந்த தடைக் கோடும் இறக்கும்போது வந்த கோடும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நீர் உறைவதுபோல் சட்டென நிகழும் முதல்வகை நிலைமாற்றத்தில் எதிர்பார்ப்பதே இதுதான். வெறும் இணைப்புக் கோளாறு என்று இதைத் தள்ளிவிட முடியாது.