காற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள்

துப்பாக்கி சுடுதல் என்றாலே நம் வீடுகளில் இரண்டு பேச்சுதான் வரும். ‘நமக்கு எதுக்கு அந்த வம்பு’ என்பது ஒன்று. ‘அது ராஜா வீட்டு விளையாட்டு’ என்பது இன்னொன்று. இரண்டாவதில் உண்மை இல்லாமல் இல்லை. டெல்லி துக்ளகாபாத்தில் உள்ள சுடுதளத்துக்கே பிகானீர் மகாராஜா கர்ணி சிங்கின் பெயர்தான். ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டவர், 1962 உலக சாம்பியன்ஷிப்பில் டிராப் பிரிவில் (பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடுவது) வெள்ளி வாங்கியவர். அவ்வளவு ஏன், 2024 பாரிஸில் டிராப் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் நம் புதுக்கோட்டை அரச குடும்பம். ஆனால் அதே பாரிஸில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே, அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர்.

எனக்கு உள்ள மனக்குறை வேறு. இந்த விளையாட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூரைக்குள் போய்விட்டது.

நாம் டிவியில் பார்ப்பது பெரும்பாலும் 10 மீட்டர். ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல். அபினவ் பிந்த்ராவின் 2008 தங்கம், மனு பாக்கரின் வெண்கலங்கள், நம் இளவேனில் வாலறிவன் எல்லாம் அந்த வகை. ஏர் ரைஃபிளில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம், கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அதை யாரும் லேசாகச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் அங்கே நான்கு சுவர், ஒரே சீரான விளக்கு, அசையாத காற்று. ஆள் தன்னோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும்.

50 மீட்டர் லைனில் கதை வேறு. சுடுபவர் தலைக்கு மேல்தான் கூரை. அதற்கப்புறம் டார்கெட் வரை திறந்த வெளி. வழியில் காற்றைக் காட்டச் சின்னச் சின்னத் துணிக்கொடிகள் கட்டியிருப்பார்கள். பயன்படுத்துவது .22 அங்குலத் தோட்டா. அதன் குண்டு இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் அதிகம், ஒலியைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் போகும். பத்தாம் வளையம் 10.4 மில்லிமீட்டர்தான். சாதாரணக் குறுக்குக் காற்றே குண்டை அதற்கு வெளியே தள்ளிவிடும். வலப்பக்கமிருந்து அடிக்கும் காற்று குண்டை இடப்பக்கம் தள்ளுவதோடு கொஞ்சம் மேலேயும் தூக்கும், இடப்பக்கக் காற்று வலப்பக்கம் தள்ளிக் கீழே இறக்கும். குண்டு சுழன்றுகொண்டே போவதால் வருகிற வினை அது.

என் அக்கா மகள் துக்ளகாபாத்தில் இந்த 50 மீட்டர் லைனில்தான் பயிற்சி எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மயூர் விஹாரிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு போவது என் வேலை. குளிர்காலத்தில் சீக்கிரம் போய்ப் பயனில்லை. பனிமூட்டம் விலகும்வரை டார்கெட்டே தெரியாது. அவள் தடிமனான ஜாக்கெட்டை மாட்டி, ரைஃபிளைத் தாங்கும் வாரான ஸ்லிங்கைக் கையில் இறுக்கிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. பக்கத்து லேன்களிலும் அப்படித்தான். எங்கோ மயில் கத்தும். காதடைப்பான் வழியே ‘டப்’ என்று ஒரு சத்தம், பிறகு நீண்ட இடைவெளி.

அந்த இடைவெளிதான் எனக்கு முதலில் புரியவில்லை. கொடி அசையாமல் தொங்குகிறது, இவள் சுடவில்லை. கொடி ஆட ஆரம்பித்ததும் சுடுகிறாள். “காத்து இல்லாதப்பதானே சுடணும்?” என்று கேட்டேன். “அந்த அமைதி நிக்காது மாமா. எந்தக் காத்து அடிக்கடி வருதோ, அதுக்குத் தகுந்த மாதிரி சைட்டை, அதான் குறி பார்க்கிற கருவியை, திருப்பி வச்சுக்கணும். அது திரும்ப வர்ற வரைக்கும் சும்மா படுத்திருக்கணும்” என்றாள். பதினாறு வயதுப் பெண். வீட்டில் ஃபோனை ஐந்து நிமிடம் கீழே வைக்க மாட்டாள்.

இந்தக் காற்றுக்கணக்கு அதிகம் தேவைப்படுகிற போட்டிகளுக்கே ஒலிம்பிக்கில் கத்தரி விழுந்தது. 2016 ரியோவுக்குப் பிறகு, படுத்தபடி சுடும் 50 மீட்டர் ரைஃபிள், 50 மீட்டர் பிஸ்டல், ஒரே சமயத்தில் பறக்கும் இரண்டு தட்டுகளைச் சுடும் டபுள் டிராப் மூன்றையும் எடுத்துவிட்டார்கள். மூன்றும் திறந்த வெளியில் சுடுபவை. டபுள் டிராப்பில்தான் ராஜ்யவர்தன் ரத்தோர் 2004இல் சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் வெள்ளியை வாங்கினார். படுத்த நிலையில் ஜாய்தீப் கர்மாகர் 2012இல் நான்காம் இடம் வந்தார். 50 மீட்டர் பிஸ்டலில் ஜீத்து ராய் 2014 ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கினார்.

எடுத்ததற்குச் சொன்ன காரணத்தை நான் மறுக்கவில்லை. மூன்றுமே ஆண்களுக்கு மட்டும் இருந்த போட்டிகள். அவற்றுக்குப் பதிலாக ஆணும் பெண்ணும் சேர்ந்து சுடும் கலப்பு அணிப் போட்டிகள் வந்தன. மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் சேர்ந்து வாங்கிய வெண்கலமே அதனால்தான் சாத்தியமாயிற்று. ஆனால் வந்த மூன்றில் இரண்டு 10 மீட்டர். பெண்களுக்கும் படுத்த நிலைப் போட்டியைத் திறந்துவிட்டிருந்தாலும் சமத்துவம் வந்திருக்கும். பார்ப்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கும், டிவியில் எடுபடாது என்பார்கள். சலிப்புக்கு அளவு வைத்தால் டெஸ்ட் கிரிக்கெட்டை என்ன செய்வது?

ஒலிம்பிக்கில் இப்போது வெளியே மிச்சமிருக்கும் ரைஃபிள் போட்டி மூன்று நிலைப் போட்டி மட்டும்தான்: மண்டியிட்டு, படுத்து, நின்று. 2021 மார்ச்சில் இதே துக்ளகாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில் ஐஸ்வரி பிரதாப் சிங் தோமர் அதில் தங்கம் வாங்கினார். மத்தியப் பிரதேச விவசாயக் குடும்பத்துப் பையன். ஆக, நம்மிடம் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

இல்லாதது காசு. ஏர் ரைஃபிளுக்கான பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) மலிவு. போட்டிக்கான .22 தோட்டா அதைவிடப் பல மடங்கு, அதுவும் நல்லது வேண்டுமென்றால் வெளிநாட்டுச் சரக்கு. ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டும், காகிதங்களோடு அலைய வேண்டும். நடுத்தரக் குடும்பம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளையை 10 மீட்டரிலேயே நிறுத்திக்கொள்கிறது. என் அக்காவும் மாதா மாதம் அந்தக் கணக்கைப் போடுகிறாள்.

பயம் பற்றியும் ஒரு வார்த்தை. டெல்லியில் நான் பார்த்த மிக ஒழுங்கான இடம் அந்த லைன்தான். துப்பாக்கி முனை எப்போதும் டார்கெட் பக்கம். சுடாத நேரத்தில், தோட்டா இல்லை என்று காட்டப் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு குழலுக்குள் இருக்க வேண்டும். ‘ஸ்டாப்’ என்று அதிகாரி குரல் கொடுத்த நொடியில் அத்தனை பேரும் நிறுத்துவார்கள். வெளியே வந்து மெஹ்ரௌலி–பதர்பூர் சாலையில் சிவப்பு விளக்கைப் பாருங்கள், யார் ஆபத்தானவர்கள் என்று தெரியும்.

டெல்லியில் இருக்கும் நம்மவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு போட்டி நாளில் 50 மீட்டர் பக்கம் போய் உட்காருங்கள். தமிழ்நாட்டில் விளையாட்டுத் துறையில் செல்வாக்கு உள்ள யாராவது இதைப் படித்தால், பதக்கம் வந்த பிறகு கொடுக்கும் லட்சங்களில் ஒரு பங்கை எடுத்து, ரைஃபிள் கிளப்களில் பிள்ளைகளுக்கு .22 தோட்டாவை மானிய விலையில் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். கிளப்பே ரைஃபிளை வைத்துக்கொண்டு பயிற்சிக்கு இரவல் கொடுத்தால் இன்னும் நல்லது.