அம்மாவின் ஃப்ரீசரும் ஒரு ரூபாய் நாணயமும்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் சித்தி எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டார். "ஏண்டி, பெத்தவளுக்கு ஐஸ்பெட்டிச் சோத்த வச்சிட்டுப் போறியாமே?" அங்கே நான் வாயைத் திறக்கவில்லை, இங்கே சொல்கிறேன்.

அம்மாவுக்கு 72 வயது, மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். நான் மாதம் ஒருமுறை மன்னை எக்ஸ்பிரஸில் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவேன். அவருக்குச் சமைக்கப் பிடிக்கும், அடுப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் விரல் மூட்டு வலி வந்ததிலிருந்து ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். முதலில் வாழைப்பூ, அப்புறம் மொச்சை, கடைசியில் தேங்காய் துருவுவதும் நின்றது. ஒரு வருஷம் ரசமும் அப்பளமுமாக ஓட்டியிருக்கிறார், நான் போகும் நாளில் மட்டும் எல்லாம் செய்வாராம். அது தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் ஃப்ரீசரில் வைப்பது சோறு இல்லை, குழம்பும் இல்லை. கையை நோகடிக்கிற வேலையை மட்டும் முடித்து வைக்கிறேன். தாளிப்பதும் கொதிக்க விடுவதும் உப்பு பார்ப்பதும் அம்மாதான்.

வாழைப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பூவாகக் கள்ளன் என்கிற வேகாத நரம்பையும் அந்தக் கண்ணாடி போன்ற செதிலையும் கிள்ளி எடுத்து, மோர் கலந்த தண்ணீரில் போட்டு முடிப்பதற்குள் விரல் நுனியெல்லாம் கறுத்துவிடும். நல்ல கைக்கே முக்கால் மணி நேரம். ஆய்ந்ததை மஞ்சள் தூள் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, ஒட்டப் பிழிந்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகத் தட்டையாக வைப்பேன். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், உள்ளே பனிக்கட்டி பொடிப்பொடியாக உருவாகும், வெளியே எடுத்தால் குழையாது. தை மாதம் மொச்சை குவியும்போது உரித்து, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிஷம் போட்டு, உடனே குளிர்ந்த தண்ணீரில் கொட்டி, துணியில் உலர்த்தி வைக்கிறேன். அந்த இரண்டு நிமிஷத்தை விட்டால் காயில் இருக்கிற நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுத்துவிடும். இறாலை ஆய்ந்து, தண்ணீரில் மூழ்கும்படி டப்பாவில் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடுவேன். காற்று படாததால் வறண்டு நாராகாது.

உருளைக்கிழங்கு போட்ட எதையும் வைப்பதில்லை, மாவு மாவாகிவிடும். மோர்க்குழம்பு திரிந்துபோகும்.

பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் அறை இதற்குப் போதவில்லை, மைனஸ் 18 டிகிரி வேண்டும். அதனால் தனி ஃப்ரீசர் அறையுள்ள இரட்டைக் கதவு ஒன்று வாங்கினோம்.

"கரண்ட் போனால் என்ன செய்வே?" என்று கேட்பவர்கள் கேட்பது நியாயம்தான். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதை யாரும் மறக்கவில்லை. உறைநிலை கிருமிகளைக் கொல்வதில்லை, பெருகாமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். உருகி மறுபடி உறைந்ததைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதற்காக ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்திருக்கிறேன். நாணயம் அடியில் போயிருந்தால் இடையில் ஒரு தடவை எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

வத்தலும் வடகமும் போட்டு வருஷம் முழுக்க வைத்துக்கொண்ட ஊர் இது, சித்தி. அதை யாரும் பழையது என்று சொன்னதில்லையே. பெற்றவளை ரசத்தோடு விட்டுவிட்டு, எல்லாம் அன்றன்றைக்குச் செய்வதுதான் முறை என்று பேச எனக்கு மனசு வரவில்லை.

இன்று காலை அம்மா போன் செய்தார். "காசு மேலதான் இருக்கு. வாழைப்பூ ரெண்டு பொட்டலந்தான் பாக்கி, வந்ததும் பூ வாங்கிடு. எதிர் வீட்டுப் புள்ளைக்கு வேற வடை தட்டித் தரேன்னு சொல்லிட்டேன்."