கியர் விழவில்லையா? உடனே கிளட்ச் பிளேட்டில் கை வைக்காதீர்கள்

ஒருவர், பிக்கப் வண்டியில் கியர் விழ அடம்பிடித்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, செட்டோடு மாற்ற வேண்டியதுதான் என்று எழுதியிருக்கிறார். கடலூர் முதுநகரில் மீன் லோடு ஓட்டும் தம்பிகளும் அதை அப்படியே பகிர்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் அண்ணே.

தேய்ந்த பிளேட் வழுக்கும். லோடோடு மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் சத்தம்தான் ஏறும், வேகம் ஏறாது, கருகல் வாடையும் வரும். கியர் விழாதது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்: பெடலை மிதித்தும் கிளட்ச் இன்ஜினிலிருந்து முழுசாகப் பிரியவில்லை.

நீங்களே பார்க்கலாம். இன்ஜின் அணைந்திருக்கும்போது கியர் லேசாக விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் முரண்டு பிடிக்கிறதா? அப்படியானால் பிரியாத கோளாறுதான். அப்புறம் பெடலை நாலைந்து தடவை வேகமாக மிதித்துவிட்டு உடனே கியர் போடுங்கள், இப்போது விழுந்தால், பெடல் அழுத்தத்தை ஆயில் மூலம் கிளட்சுக்குக் கொண்டுபோகும் லைனில் காற்று புகுந்திருக்கிறது அல்லது அதன் சிலிண்டர் கசிகிறது என்று அர்த்தம். கிளட்ச் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள், கியர்பாக்ஸ் ஓரம் இருக்கும் கீழ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கினால் கசிவு ஈரமாகவே தெரியும் (அது பிரேக் ஆயில், பெயின்ட்டைத் தின்றுவிடும், துடைத்துவிடுங்கள்). கேபிள் கிளட்ச் என்றால் கேபிள் தொய்வை முதலில் சரிபாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் பிரியவில்லை என்றால் சரி, அப்போது கியர்பாக்ஸை இறக்கி பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள்.