பாதித் துளையிட்ட மணி

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள பழைய ஊரான கொடுமணலுக்குச் சென்றிருந்தபோது, மழைக்குப் பின் உழுதிருந்த காட்டில் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் குனிந்து, சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லாலான ஒரு மணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நெல்மணி அளவுதான் இருந்தது. ஒரு முனையில் தொடங்கிய துளை நடுவிலேயே நின்றுவிட, கல் பிளந்திருந்தது. யாரோ ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு அங்கே வீணாகியிருக்க வேண்டும்.

பழந்தமிழகத்தின் ரோமானிய வணிகத்தைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் வந்து குவிந்த காசுகளைத்தான் பெருமையாகச் சொல்கிறோம். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி வருந்தியதை மேடைதோறும் மேற்கோள் காட்டுகிறோம். எனக்கு அதே பிளினி எழுதிய வேறொரு செய்திதான் பெரிதாகப் படுகிறது: நீளமான பெரில் என்னும் மணிக்கற்களுக்குப் பொன் தேவையில்லை என்று கருதிய இந்தியர்கள், அவற்றைத் துளையிட்டு யானை மயிரில் கோத்து அணிந்தார்களாம். பொன்னையே வேண்டாமென்று ஒதுக்கும் அளவுக்குக் கல்லின் அழகை அறிந்திருந்தவர்கள் அவர்கள்.

அந்தக் கடற்பச்சை நிறப் பெரில் காங்கயத்தை அடுத்த படியூரில் கிடைத்தது. 1819-20இல்கூட ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டியெடுத்திருக்கிறார். பக்கத்துச் சிவன்மலையில் குருந்தம் என்னும் மிகக் கடினமான கல் உண்டு. உலகம் முழுவதும் வழங்கும் கோரண்டம் என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து சென்றதுதான். ஆனால் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில் உள்ளூர்க் கற்களோடு, குஜராத் பக்கத்துச் சூதுபவளமும் ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லான லாப்பிஸ் லசூலியும் வெளிப்பட்டன. உடைத்த சில்லு, உருட்டிய மணி, மெருகேற்றிய மணி, துளையிட்ட மணி என ஒவ்வொரு நிலையிலும் கிடைத்தன. வெளியூரிலிருந்து மூலப்பொருளை வரவழைத்து, இங்கே வேலைப்பாட்டைச் சேர்த்து அனுப்பும் தொழில் நொய்யல் கரைக்குத் திருப்பூர்ப் பனியனோடு வந்ததன்று. சங்க நூலான பதிற்றுப்பத்தும், இவ்வூரைக் கொடுமணம் எனக் குறித்து, 'கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்' என்று வேலைப்பாட்டைச் சொல்லியே அணிகலனைச் சிறப்பிக்கிறது.

இன்று நாம் தைத்து அனுப்பும் துணியில் வேறொருவர் பெயர் ஒட்டப்படுவதைப் போலவே, ரோமில் அந்தக் கற்கள் வெறும் 'இந்தியக் கற்கள்' ஆயின. செய்த ஊரைப் பிளினி சொல்லவில்லை. நாமாவது சொல்ல வேண்டாமா? அருங்காட்சியகங்களில் கொடுமணல் மணிகளைக் காட்சிக்கு வைப்பவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான்: பளபளக்கும் முழு மாலையைப் பின்னால் வையுங்கள், துளை பாதியில் நின்ற அந்த உடைந்த மணியை, பிள்ளைகளின் கண்மட்டத்தில், ஒரு பூதக்கண்ணாடியோடு முன்னால் வையுங்கள்.