பசை டப்பாவை நம்பி என்3 சாலையில் போக முடியுமா?

புது கார்களுக்கு ஸ்டெப்னி வேண்டாம், பசை டப்பா வைத்த பஞ்சர் கிட் போதும், எடையும் குறையும் என்று எழுதியிருக்கிறீர்கள். டர்பனுக்குள்ளேயே ஓட்டுகிறவருக்குச் சரி. நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க்குக்கு கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர் போகிறவன். போன மழைக்காலத்தில் வழியிலுள்ள ஹாரிஸ்மித் ஊரைத் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி டயரின் பக்கவாட்டே கிழிந்துவிட்டது, அந்தக் கிட்டில் இருக்கிற பசை ஆணி குத்திய சின்ன ஓட்டையை அடைக்குமே தவிர கிழிசலுக்கு ஒன்றும் செய்யாது, ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகளோடு டோ வண்டிக்காகக் காத்துக் கிடந்தோம். எடை குறைந்தால் பெட்ரோல் மிச்சமாம்! மிச்சமானதெல்லாம் டோ வண்டிக்காரருக்கே போச்சு. முழு அளவு டயர் வேண்டாம், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாத அந்த ஒல்லி டயரையாவது கார் கம்பெனிகள் கொடுக்கட்டும், அடுத்த ஊர் வரை உருட்டிக்கொள்வோம். அப்புறம், கார் வாங்குகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் டிக்கியின் தரையைத் தூக்கிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.