டெஸ்ட் எடுக்காம கோதுமையை நிறுத்தாதீங்க

ரீல்ஸ் பாத்துட்டு "நான் க்ளூட்டன் ஃப்ரீ மாறிட்டேன், சப்பாத்தி பிரெட் எதையும் தொடறதில்ல"ன்னு சொல்றவங்க என்னைச் சுத்தி நிறைய பேர் ஆயிட்டாங்க. அவங்க எல்லார்கிட்டயும் நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், நிறுத்தறதுக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை எடுத்தீங்களா?

ஏன்னா சீலியாக் நோய், அதாவது கோதுமைல இருக்கற க்ளூட்டன்ங்கற புரதத்தால சிறுகுடல் பாதிக்கற நோய், இருக்கான்னு பாக்கற டிடிஜி ஐஜிஏங்கற ரத்த டெஸ்ட், நீங்க கோதுமை சாப்பிட்டுட்டு இருக்கும்போது எடுத்தாதான் சரியா காட்டும், நிறுத்திட்டா அந்த டெஸ்ட் ரத்தத்துல தேடற ஆன்டிபாடிங்கற எதிர்ப்புப் பொருள் குறைஞ்சு, நோய் இருந்தாலும் ரிசல்ட் நார்மல்னு வரலாம். அப்புறம் சந்தேகம் வந்தா திரும்பவும் வாரக்கணக்கா கோதுமை சாப்பிட்டுட்டுதான் டெஸ்டுக்குப் போகணும்.

எங்க அக்கா பொண்ணுக்கு இந்த சீலியாக்தான் இருக்கு. உயரமே ஏறல, அயர்ன் சிரப் எவ்ளோ குடுத்தும் ஹீமோகுளோபின் ஏறல, வயிறு மட்டும் உப்பிட்டே இருக்கும், எல்லாரும் பூச்சி மருந்து குடுங்கன்னுதான் சொன்னாங்க. கோதுமை, பார்லி, ரை இதுல இருக்கற க்ளூட்டன் உள்ள போனா அவ உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடல்ல சத்தை இழுக்கற குட்டி உறிஞ்சிகளைத் தேய்ச்சிடுது, அப்புறம் சிரப் எங்கருந்து ஒட்டும்? நிறுத்தின பிறகுதான் புள்ள வளரவே ஆரம்பிச்சா. அவளுக்கு இது டயட் இல்ல, மருந்தே இதுதான், வாழ்நாள் முழுக்க.

நம்ம ஊர் சாப்பாட்டுல இது சுலபம்னு நினைப்போம். இட்லி, இடியாப்பம், பொங்கல், கேழ்வரகு, கம்பு எல்லாமே ஓகேதான், தினம் ரொட்டி சாப்பிடற பஞ்சாப் வீடுகளை விட நமக்கு எவ்வளவோ பரவால்ல. ரவை, சேமியா கோதுமைன்னு தெரியும். ஆனா பெருங்காயம்? டப்பாவைத் திருப்பிப் படிங்க, நிறைய பிராண்டுல கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், அந்த டப்பாவாலயே சாம்பார், ரசம், ஊறுகாய் எல்லாம் அவளுக்கு ஆகாம போயிடும். அரிசி மாவு சேத்த பெருங்காயம் தேடி வாங்கறோம். மால்ட் பானத்துல பார்லி, ஃப்ரைட் ரைஸ்ல ஊத்தற சோயா சாஸ்ல கோதுமை, ஹோட்டல்ல ரவா தோசை ஊத்தின அதே கல்லுல சாதா தோசை. விசேஷ வீட்டுல "ஒரு வாய் கேசரி சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது"ன்னு பாசமா ஊட்ட வர்றவங்ககிட்ட அக்கா படற பாடு சொல்லி மாளாது.

நோய் இல்லாதவங்களுக்கு என்ன லாபம்னா, எனக்குத் தெரிஞ்சு பெருசா ஒண்ணும் இல்ல. மைதா பரோட்டா, பேக்கரி ஐட்டம் நின்னா வெயிட் குறையும்தான், அதுக்கு க்ளூட்டன் காரணம் இல்ல. சிலருக்கு உப்புசம் நிஜமாவே குறையும், அது கோதுமைல இருக்கற ஃபிரக்டான்ங்கற ஒரு வகை கார்போஹைட்ரேட்டால கூட இருக்கலாம், வெங்காயம் பூண்டுலயும் அது உண்டு. ஆனா முழு கோதுமையை விட்டுட்டு மூணு வேளையும் வெள்ளை அரிசின்னு போனா நார்ச்சத்து போச்சு, சுகர் இருக்கறவங்களுக்கு இன்னும் மோசம். க்ளூட்டன் ஃப்ரீ பிஸ்கட், பிரெட்லயும் பல சமயம் வெறும் ஸ்டார்ச்சுதான், விலை மட்டும் பல மடங்கு. 2017ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த பெரிய ஆய்வுலயும், சீலியாக் இல்லாதவங்க க்ளூட்டனைத் தவிர்த்தா முழுதானியம் குறைஞ்சு போகும், அதனால அவங்களுக்கு இதை ஊக்குவிக்க வேண்டாம்னுதான் சொல்லியிருந்தாங்க.

வீட்டுல ஒருத்தருக்கு சீலியாக் இருந்தா அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம், அறிகுறியே இல்லாமயும் இருக்கும். அதனால அவங்களும் கோதுமையை நிறுத்தறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு அந்த டெஸ்டை எடுத்துடுங்க, ப்ளீஸ்.