சுவருக்குள்ளே போகும் பணம்

பழைய வீட்டை வாங்கி, பழுதுபார்த்து, லாபத்துக்கு விற்பதைப் பற்றிய காணொளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. முதல் காட்சியில் பாழடைந்த சமையலறை. அடுத்த நொடியில் பளபளக்கும் மேடை, புதிய அலமாரி, இதமான விளக்கு. இடையில் கழிந்த மாதங்களையும், அந்தச் சுவருக்குள் என்ன வேலை நடந்தது என்பதையும் யாரும் காட்டுவதில்லை. 11 ஆண்டுகளில் 9 வீடுகளை வாங்கிச் சீர்செய்து விற்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு: வாங்க வருபவரின் கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கு முதலில் பணம் ஒதுக்க இடம் தராத விலையில்தான் ஒரு வீடு கிடைக்கிறது என்றால், அந்த வீட்டை நாம் வாங்கவே கூடாது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் மூன்றாவது வீடு. அதில் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரே சுவர். படுக்கையறைப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு வண்ணம் கொப்புளித்து, விரலால் தேய்த்தால் வெள்ளையாக உப்புத் தூள் உதிர்ந்தது. ஓதம், அதாவது சுவரில் ஏறிய ஈரம், என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் காரணத்தைத் தேட வேண்டுமானால் குளியலறைத் தரையை உடைக்க வேண்டும், வட்டியோ ஓடிக்கொண்டிருந்தது. சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கை வண்ணம் அடிக்கச் சொன்னேன். வீடு நல்ல விலைக்குப் போனது. ஐந்தாம் மாதம் வாங்கியவர் அழைத்தார். போய்ப் பார்த்தபோது கட்டிலுக்குப் பின்னால் வண்ணம் தோல் உரிவதுபோல் தொங்கியது. சுவரோரத் தட்டில் இருந்த அவருடைய குழந்தையின் பாடப்புத்தகங்களின் ஓரம் முழுவதும் பூஞ்சணம். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்தப் புத்தகங்களை எடுத்து என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

தரையை உடைத்துப் பார்த்தால், கழிவுநீர்க் குழாயின் ஒரு இணைப்பு விட்டுப்போயிருந்தது. என் செலவிலேயே சரிசெய்து கொடுத்தேன். முதலிலேயே செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைப்போல் மூன்று மடங்கு ஆனது. செங்கல்லும் பூச்சும் நுண்துளைகள் நிறைந்தவை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அவை நீரை மேலே இழுக்கும். அந்த நீர் சுவரில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளிப்பக்கம் வந்து ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கிப் பூச்சைத் தள்ளுகிறது. மேலே வண்ணம் அடிப்பது நீரை நிறுத்தாது; அது வெளியேறும் வழியை அடைத்துச் சுவரை இன்னும் நனைக்கும்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது நான் அழகைப் பார்ப்பதில்லை. முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போவேன். வீடு முழுவதும் பழைய வண்ணமாக இருக்க, ஒரே ஒரு சுவர் மட்டும் புதிதாக அடிக்கப்பட்டிருந்தால் அங்கேதான் அதிக நேரம் நிற்பேன். நாணயத்தால் தரை ஓடுகளைத் தட்டிப் பார்த்தால், அடியில் பிடிப்பு விட்ட ஓடு வெற்றுச் சத்தம் தரும். நெடுநாள் மூடிக் கிடந்த குழாயைத் திறந்தவுடன் வரும் முதல் தண்ணீர் பழுப்பாக இருந்தால், உள்ளே இருப்பது துருப்பிடித்த இரும்புக் குழாய் என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம். மின்பலகையைத் திறந்து பார்க்காமல் எந்த வீட்டுக்கும் விலை சொல்லக் கூடாது. கருகிய முனை, நில இணைப்பு (எர்த்) இல்லாத கம்பிகள், பல தலைமுறை ஒட்டுகள் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

எல்லா விரிசல்களுக்கும் பயப்பட வேண்டியதில்லை. பூச்சில் வலைபோல் ஓடும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் பூச்சு உலர்ந்து சுருங்கியதால் வந்தது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலும், செங்கல் இணைப்புகள் வழியே படிக்கட்டுபோல் இறங்கும் விரிசலும் வேறு வகை. அவை அடித்தளம் ஒரு பக்கம் இறங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அப்படி ஒன்றைக் கண்டால் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துவராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கூரையில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தாலும் அப்படியே. இரும்பு துருப்பிடிக்கும்போது பல மடங்கு பருத்து, தன்னை மூடியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. துருவை முழுவதும் நீக்காமல் மேலே சிமெண்ட் பூசி மறைப்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தக் கூரைக்குக் கீழே ஒரு குடும்பம் தூங்கப்போகிறது என்பதை அவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

பத்திரம், வில்லங்கம், வரி பாக்கி ஆகியவற்றை வழக்கறிஞர் பார்த்துச் சொல்லாத வீட்டின் வாசலைக்கூட மிதிக்க வேண்டாம். இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

இனி கணக்கு. அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 70 சதவீத விதி என்று ஒன்றைச் சொல்வார்கள். சீர்செய்த பிறகு வீடு என்ன விலைக்குப் போகுமோ அதில் 70 சதவீதத்தை எடுத்து, பழுதுபார்க்கும் செலவைக் கழித்தால் வருவதே நாம் கொடுக்கக்கூடிய உச்ச விலை. விற்கும் விலை 100 பங்கு, வேலைச் செலவு 20 பங்கு என்றால், வாங்கும் விலை 50 பங்குக்கு மேல் போகக் கூடாது. மீதி 30 பங்கும் லாபம் என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். பதிவுச் செலவு, தரகு, கடன் வட்டி, வரி, காப்பீடு, காலி வீட்டின் மின்கட்டணம், எதிர்பாராத வேலை எல்லாம் அந்த முப்பதுக்குள் அடங்கியாக வேண்டும். இந்த விதி எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதன் அடிப்படை சரியானது: லாபம் வாங்கும் நாளிலேயே தீர்மானமாகிறது. அதிக விலைக்கு வாங்கிவிட்டவர் பிறகு எங்கே மிச்சம் பிடிப்பார்? சமையலறை மேடையில் பிடிக்கமாட்டார், ஏனென்றால் அது கண்ணில் படும். குழாயிலும் ஒயரிங்கிலும்தான் பிடிப்பார். மோசமான வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கெட்ட எண்ணம் அல்ல, தவறான கொள்முதல் விலை என்பதை நான் அடித்துச் சொல்வேன். என் மூன்றாவது வீட்டிலும் நடந்தது அதுதான்.

காலமும் ஒரு செலவுதான். சிமெண்ட் பூச்சைக் குறைந்தது ஒரு வாரமாவது நனைத்துப் பதப்படுத்த வேண்டும். அதன்பின் நன்றாக உலர இன்னும் சில வாரங்கள் விட்டுத்தான் வண்ணம் அடிக்க வேண்டும். இந்த இடைவெளியை வட்டிக்குப் பயந்து சுருக்கினால், சுருக்கிய நாட்களுக்கான விலையை வாங்கியவர் கொடுப்பார். ஆகவே நான் கணக்குப் போடும்போது மேஸ்திரி சொல்லும் காலத்தோடு பாதியைக் கூட்டியே வட்டியைக் கணக்கிடுகிறேன்.

காலமும் விலையும் சேர்ந்த இந்தக் கணக்கைப் பெரிய நிறுவனங்களாலும் வெல்ல முடியவில்லை. வீடு விற்பனை விளம்பர இணையதளம் நடத்தும் அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனம் 2018-இல் கணினிக் கணிப்பை நம்பி வீடுகளை வாங்கிச் சீர்செய்து விற்கும் பிரிவைத் தொடங்கியது. 2021 அக்டோபரில், சீர்செய்ய ஆளும் பொருளும் போதவில்லை என்று புதிய கொள்முதலை நிறுத்தியது. நவம்பரில், வீட்டு விலை எப்படிப் போகும் என்பதைக் கணிக்க முடியவில்லை என்று பிரிவையே மூடுவதாக அறிவித்து, ஊழியர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரைக் குறைத்தது. அவ்வளவு தரவு கையில் இருந்தும் சில மாதங்களுக்கு அப்பால் உள்ள விலை பிடிபடவில்லை என்றால், விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்கும் தனிநபர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

குறைகளை வெளிப்படையாகச் சொன்னால் விலை குறைந்துவிடும் என்று நண்பர்கள் எச்சரிப்பார்கள். பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கியது இதற்குப் பதிலாகும். பொருளின் குறை விற்பவருக்கு மட்டுமே தெரியும் என்றால், வாங்குபவர் எல்லாப் பொருளையும் சந்தேகப்பட்டுக் குறைத்தே கேட்பார். நல்ல பொருள் வைத்திருப்பவர் அந்த விலைக்குத் தர மனமில்லாமல் விலகுவார். சந்தையில் மட்டமானவையே மிஞ்சும். சீர்செய்து விற்ற வீடு என்றாலே மக்கள் தயங்குவதற்குக் காரணம், பூசி மறைத்தவர்கள் சேர்த்துவைத்த சந்தேகம்தான். உண்மையாக வேலை செய்பவரும் அதற்கான விலையைச் சுமக்கிறார்.

அதனால் நான்காவது வீட்டிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தரையையும் சுவரையும் மூடும் முன், குழாய்களும் ஒயர்களும் போகும் வழியை அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்து, தேதியிட்டு, ஒரு கோப்பாக வாங்குபவரிடம் கொடுத்துவிடுகிறேன். பின்னாளில் ஆணி அடிக்கும்போதுகூட அது உதவும். சரிசெய்யாமல் விட்ட குறை ஏதாவது இருந்தால் அதுவும் அதே கோப்பில் எழுதப்பட்டிருக்கும்.

இப்போது என் கையில் இருக்கும் வீட்டில் மாடிக் குளியலறையின் நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்திருக்கிறது. நேற்று மாலை வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவைத்தேன். 48 மணி நேரம் அப்படியே நிற்க வேண்டும். நாளை மாலை அந்தக் கோட்டையும், கீழறையின் கூரையையும் பார்த்த பிறகே ஓடு பதிப்பவரை வரச்சொல்லியிருக்கிறேன்.